எலிசபெத் அனியோன்வு: ரத்த நோயிலும் நிற வேறுபாட்டைக் கண்ட நர்ஸ்

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2023ல் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவில் தங்க உருண்டையை ஏந்தி நடந்த கறுப்பினப் பெண்மணி ஒரு நர்ஸ் என்றார்கள். சிக்கிள் செல் நோய்க்காகவும் இன சமத்துவத்துக்காகவும் உழைத்தவராம். நோய் என்றால் நோய்தானே, அதற்குள் இனம் எப்படி வந்தது? டாக்டரும் இல்லாத, விஞ்ஞானியும் இல்லாத ஒரு நர்ஸ் இதில் என்ன பெரிதாகச் செய்திருக்க முடியும்?"

அவர் பெயர் எலிசபெத் அனியோன்வு. பிரிட்டனின் முதல் சிக்கிள் செல் மற்றும் தாலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத இன்னொரு பரம்பரை ரத்த நோய்) சிறப்பு நர்ஸ். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. ஆனால் முதலில் நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். சிக்கிள் செல் நோயில் அந்த இடத்தில் வாலைன் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகக் கோத்துக்கொள்கிறது. வட்டத் தட்டு போல நெகிழ்ந்து ஓட வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்துப்போகிறது. அது நுண்குழாய்களில் சிக்கி ரத்த ஓட்டத்தை மறிக்கிறது. ரத்தம் போகாத இடமெல்லாம் வலி எடுக்கும். எலும்பு, முதுகு, நெஞ்சு, வயிறு என்று எங்கு வேண்டுமானாலும் வரும். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளிலேயே சிதைந்துவிடுவதால் ரத்தசோகை நிரந்தரம். சிறு வயதிலேயே மண்ணீரல் செயலிழந்துவிடுவதால், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் குழந்தையைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக் கூடும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த நபர் கேரியர். கேரியர் பொதுவாக ஆரோக்கியமாகவே வாழ்வார். மலேரியா அதிகமாக இருந்த நிலங்களில் கேரியராக இருப்பது குழந்தைகளை அந்தக் காய்ச்சலின் கொடிய வடிவத்திலிருந்து காப்பாற்றியது. அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்கா, மத்தியத் தரைக்கடல் கரைகள், அரேபியா, இந்தியப் பழங்குடிப் பகுதிகள் என்று மலேரியா இருந்த இடமெல்லாம் இந்த மரபணுவும் தங்கிவிட்டது. இதற்கும் தோலின் நிறத்துக்கும் உயிரியல் ரீதியாக ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் பிரிட்டனில் இந்த நோயோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பத்தினர். அங்கே அது 'கறுப்பர் நோய்' ஆகிவிட்டது. இனம் உள்ளே நுழைந்த வழி அதுதான்.

இனி அவருடைய கதைக்கு வருவோம். எலிசபெத் பிறந்தது 1947 ஜூலை 2ம் தேதி, பர்மிங்காமில். தாய் மேரி மோரீன் ஃபர்லாங், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். தந்தை லாரன்ஸ் அனியோன்வு, நைஜீரியாவிலிருந்து வந்து அதே கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹாலில் சட்டம் படித்தவர். கல்யாணமாகாத பெண், அதிலும் கறுப்பினக் குழந்தை. அந்தக் காலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட இடி என்பதை நாம் ஊகிப்பது கடினமே இல்லை. தாய் படிப்பைப் பாதியில் விட்டார். ஆனால் குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் விட்டு, வந்து வந்து பார்த்துக்கொண்டார். எலிசபெத்தின் முதல் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் கழிந்தன.

அங்கே அவருக்கு எக்ஸிமா என்ற தோல் நோய் கடுமையாக இருந்தது. கட்டுப் பிரித்துப் புதுக்கட்டுப் போடும்போது உயிர் போகும். ஒரு கன்னியாஸ்திரி மட்டும் குழந்தைக்குச் சிரிப்பு வரும்படி எதையாவது சொல்லி, கவனம் திரும்பும் நேரத்தில் கட்டை எடுத்துவிடுவார். அவர் ஒரு நர்ஸ் என்று தெரிந்ததும், தானும் அதுவாகத்தான் ஆக வேண்டும் என்று அந்தச் சிறுமி முடிவு செய்தாள். வலியில் இருப்பவரை எப்படித் தொட வேண்டும் என்பதை நோயாளியின் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டவர் என்பதால் இதைச் சொல்கிறேன். பின்னாளில் அவர் தேர்ந்தெடுத்த நோயும் வலியை மையமாகக் கொண்டதுதான்.

இல்லத்திலிருந்து வெளியே வந்த பிறகும் நிம்மதி இல்லை. தாயுடன் வாழ்ந்த கொஞ்ச காலத்தில் மாற்றாந்தந்தையிடம் அடிபட்டு, தாத்தா பாட்டி வீட்டுக்குப் போக நேர்ந்தது. 16 வயதில் பள்ளியை முடித்து, பள்ளி நர்சுக்கு உதவியாளராக, பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.சில் சேர்ந்தார். 1965ல் லண்டன் பாடிங்டன் பொது மருத்துவமனையில் நர்சிங் பயிற்சி தொடங்கி 1968ல் முடித்தார். பிறகு ஹெல்த் விசிட்டர் ஆனார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்ற தாய்களையும் குழந்தைகளையும் பார்த்துவரும் வேலை அது, நம் கிராம சுகாதார செவிலியர் பணிக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது.

அந்தக் காலத்து நர்சிங் உலகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரிட்டனில் என்.ஹெச்.எஸ். தொடங்கியது 1948ல். அதே ஆண்டுதான் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. மருத்துவமனைகளுக்கு ஆள் போதவில்லை. காமன்வெல்த் நாடுகளிலிருந்து பெண்களைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். ஆனால் வந்தவர்களில் பலரை, பதிவு பெற்ற நர்ஸ் ஆகும் மூன்றாண்டுப் பயிற்சியில் விடாமல், இரண்டாண்டில் முடியும் கீழ்நிலைப் பயிற்சிக்குத் தள்ளினார்கள். அந்தச் சான்றிதழைச் சொந்த நாட்டில் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள் என்பதைச் சேரும்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆக, வார்டைச் சுத்தமாக வைத்திருந்ததும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்ததும் கறுப்பினப் பெண்கள். அதே மருத்துவமனைக்குக் கறுப்பினக் குழந்தை வலியோடு வந்தால், அந்த நோயைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி கூட உருப்படியாக இருக்காது.

1972ல், 25 வயதை நெருங்கும்போது, எலிசபெத் தன் தந்தையைக் கண்டுபிடித்தார். அவர் நைஜீரியாவின் வெளியுறவுத் துறையில் உயர் அதிகாரியாகவும் தூதராகவும் இருந்தவர், அப்போது லண்டனில்தான் இருந்தார். எலிசபெத் நைஜீரியாவுக்குப் போய் உறவினர்களைப் பார்த்தார். ஃபர்லாங் என்ற தன் பெயரை அனியோன்வு என்று மாற்றிக்கொண்டார். பிரிட்டிஷ் கறுப்பின இயக்கங்கள் வேகமெடுத்திருந்த காலம் அது. தன் தொழிலும் தன் இனமும் சந்திக்கும் இடத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அந்த இடம் வட மேற்கு லண்டனில் உள்ள பிரெண்ட் என்ற பகுதியில் கிடைத்தது.

பிரெண்ட்டில் கரீபியக் குடும்பங்கள், ஆப்பிரிக்கக் குடும்பங்கள், குஜராத்திகள், சைப்ரஸ் நாட்டவர் என்று எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள். ஹெல்த் விசிட்டராக வீட்டுக்குள் போனபோது சிக்கிள் செல் உள்ள குழந்தைகளையும் அவர்களின் தாய்களையும் பார்த்தார். தாய்கள் கேட்ட சாதாரணக் கேள்விகளுக்கே தன்னிடம் பதில் இல்லை என்பது அவரை உலுக்கியது. பள்ளியிலும் சொல்லித்தரவில்லை, பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. பிரிட்டனில் படிக்கவும் இடமில்லை. அமெரிக்காவுக்குப் போய் சிக்கிள் செல் ஆலோசனைப் பயிற்சி எடுத்துத் திரும்பினார்.

1979ல், சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் ரத்தநோய் மருத்துவர் மிஷா புரோசோவிச்சுடன் சேர்ந்து, பிரெண்ட்டில் பிரிட்டனின் முதல் சிக்கிள் செல் மற்றும் தாலசீமியா ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். சிக்கிள் செல் சொசைட்டி தோன்றியதும் அதே ஆண்டுதான். அதன் தொடக்கத்திலும் அவர் பங்கு உண்டு.

நீங்கள் கேட்ட "என்னதான் செய்துவிட முடியும்" என்பதற்கான பதில் அந்த ஆலோசனை அறைக்குள்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு தம்பதி வருகிறார்கள். இருவரும் கேரியர். குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் புரிந்துகொண்டது: "மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது." இது மிகப் பரவலான தவறான புரிதல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த நான்கில் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது என்பதை அவர்கள் மனதில் படியும்படி சொல்ல ஒரு ஆளும், அதற்கான நேரமும் வேண்டும். அடுத்து, குழந்தைக்கு நோய் என்றதும் மாமியார் வீட்டில் தாயைக் குறை சொல்கிறார்கள். இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் என்பதைத் தந்தையின் குடும்பத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு வீட்டில் ரத்தப் பரிசோதனை முடிவு குடும்ப ரகசியத்தையே வெளியே கொண்டுவந்துவிடும் நிலை. அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு ஒழுக்கம் வேண்டும். அடுத்த பிள்ளை பெறலாமா வேண்டாமா என்று கேட்டால் ஆலோசகர் முடிவு சொல்லக் கூடாது. எல்லாத் தகவலையும் வைத்துவிட்டு, முடிவைத் தம்பதியிடம் விட வேண்டும். சொல்வதற்கு எளிது. பயமும் மதமும் மாமியாரும் மாமனாரும் கலந்த அறையில் அதைச் செய்துபார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

பிறகு அன்றாடம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. மண்ணீரல் திடீரென்று வீங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், தாயே குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். குளிர், தண்ணீர் குறைவு, களைப்பு இவை வலியைக் கிளப்பும். பிரிட்டன் குளிரில் ஒரு குழந்தை நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத்தோடு நின்றாலே போதும். இந்த நோயில் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்காது, அதனால் குழந்தை நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி போகும், பெரிய பிள்ளையான பிறகும் படுக்கையை நனைக்கும். இது தெரியாத வீட்டில் அந்தக் குழந்தை அடி வாங்கும். பள்ளியில் வகுப்பு நடுவே எழுந்து போனால் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்கும். ஆசிரியரிடம் பேசுவதும் நர்சின் வேலைதான். தாலசீமியாக் குடும்பங்களின் பாடு வேறு: சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற, வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் தோலுக்கடியில் ஊசி செருகி பம்ப் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டியிருந்தது.

இவற்றில் எதுவும் அறுவைசிகிச்சை அரங்கில் நடப்பதில்லை, எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனாலும் அதுவரை இதைத் தன் வேலை என்று எடுத்துக்கொண்டு செய்ய அங்கே யாருமே இருக்கவில்லை. அனியோன்வு அதற்கு ஒரு பதவியும் ஒரு மையமும் ஒரு பயிற்சி முறையும் உருவாக்கினார். அவர் தொடங்கிய ஒரு மையத்தைப் பார்த்து நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட மையங்கள் வந்தன.

இன சமத்துவப் பகுதிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வாதம் அவருடையது, அதுவும் எளிய கணக்கு. பிரிட்டனில் 1969 முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய் அது, பெரும்பாலும் வெள்ளையர் குழந்தைகளுக்கு. சிக்கிள் செல் நோய் இங்கிலாந்தில் ஏறக்குறைய 2,000 பிறப்புகளில் ஒன்று. அதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டையும் சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்றலாம். அப்படியிருக்க, ஒன்றுக்கு நாடு முழுவதும் பரிசோதனை, இன்னொன்றுக்கு இல்லை. ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் அமைதியாகக் காத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். கூட்டங்களில், குழுக்களில், கட்டுரைகளில், அரசு ஆவணங்களுக்கு எழுதிய பதில்களில், ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கண்டுபிடித்தால் மட்டும் என்ன, மருந்து இல்லையே" என்று சொல்லித் தட்டிக்கழிக்க 1986 வரை வழி இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மர்லின் காஸ்டன் என்ற கறுப்பின மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு வெளியானது. சிக்கிள் செல் உள்ள சிறு குழந்தைகளுக்குத் தினம் இரண்டு வேளை சாதாரணப் பெனிசிலின் மாத்திரை கொடுத்ததில், நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பெனிசிலினைவிட மலிவான மருந்து உண்டா? ஆனால் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்! பிறந்தவுடனே பரிசோதிப்பது அதற்குப் பிறகு உயிர் காக்கும் கேள்வி ஆகிவிட்டது. அப்படியும் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் சேர்த்துத் தேசியப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவருவோம் என்று அரசு எழுத்தில் உறுதி கொடுத்தது 2000ம் ஆண்டில்தான். திட்டம் நாடு முழுவதும் போய்ச்சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. பதினான்கு ஆண்டுத் தாமதம். அந்தத் தாமதத்தில் எத்தனை குழந்தைகள் என்ற எண்ணம் வரும்போது எனக்குக் கோபம் வராமல் இருந்ததில்லை.

எல்லோருக்கும் பரிசோதனை ஏன், கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் செய்தால் செலவு மிச்சமே என்றும் சிலர் வாதித்தார்கள். அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. குழந்தையின் நிறத்தைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ அதன் மரபணுவை யார் சொல்ல முடியும்? ஃபர்லாங் என்ற ஐரிஷ் பெயரோடு வளர்ந்த, பாதி நைஜீரியரான அனியோன்வுவே அதற்குச் சாட்சி. கலப்புக் குடும்பங்கள் பெருகிய நாட்டில் தோற்றத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் நோயுள்ள குழந்தைகள் விடுபட்டுப் போவார்கள். கடைசியில் இங்கிலாந்து பிறக்கும் குழந்தைகள் அனைவருக்குமே செய்வது என்று தீர்மானித்தது.

பரிசோதனை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கா ஒரு எச்சரிக்கை. 1971ல் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் தெருவில் இறங்கி இலவசமாகச் சிக்கிள் செல் பரிசோதனை செய்தார்கள், அரசின் கவனத்தைத் திருப்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு. 1972ல் அதிபர் நிக்சன் காலத்தில் தேசியச் சட்டம் வந்தது. பல மாநிலங்கள் கறுப்பினத்தவருக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. ஆனால் நோய்க்கும் கேரியர் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை மக்களுக்கும் முதலாளிகளுக்கும் சரியாகச் சொல்லவில்லை. விளைவு, எந்த நோயும் இல்லாத கேரியர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, காப்பீடு மறுக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை. ரத்தத்தை எடுத்துவிட்டு விளக்கம் கொடுக்காமல் போனால் மருத்துவமே பாகுபாட்டுக்கு ஆயுதமாகிவிடும். பரிசோதனையோடு ஆலோசனையும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அனியோன்வு விடாப்பிடியாக நின்றதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

வலி விஷயத்திலும் அப்படித்தான். சிக்கிள் செல் வலியை வெளியிலிருந்து பார்க்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்த அறிக்கையில் நேராகத் தெரியாது. நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் வேலை செய்யும் என்று அனுபவத்தில் தெரியும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கறுப்பின இளைஞன் வந்து மார்ஃபின் வேண்டும் என்று கேட்டால், போதைக்கு வந்தவன் என்று சந்தேகப்பட்டு காக்க வைப்பார்கள். உண்மையில் வலியில் துடிப்பவர் தன் வலியை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலை. நோயாளியின் சொல்லை நம்புவது நர்சின் முதல் கடமை என்று இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்கு இதுதான் காரணம்.

அனியோன்வு 1988ல் முனைவர் பட்டம் பெற்றார். பிரெண்ட் அனுபவத்தை ஆய்வாக மாற்றியதுதான் அது. 1990ல் லண்டன் பல்கலைக்கழகக் குழந்தை நல நிறுவனத்தில் பேராசிரியர் மார்கஸ் பெம்ப்ரியுடன் சேர்ந்து, சமூகத்துக்கான மரபணு ஆலோசனைப் படிப்பு நடத்தினார். பிறகு இன்றைய வெஸ்ட் லண்டன் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியராகவும் டீனாகவும் இருந்தார். 2001ல் கார்ல் ஆட்கினுடன் சேர்ந்து சிக்கிள் செல், தாலசீமியா நோய்களின் அரசியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 2007ல் ஓய்வு பெற்றார்.

1998ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் மேரி சீகோல் பெயரில் ஒரு நர்சிங் மையம் அமைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேரி சீகோல் 1805ல் ஜமைக்காவில் பிறந்தவர். கிரிமியப் போரின்போது தன் சொந்த முயற்சியில் போர்முனைக்கு அருகே போய்ச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தார். அவர் காலத்தில் பெரும் புகழ் பெற்றவர், பிறகு மறக்கப்பட்டார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை உங்களுக்கும் எனக்கும் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், சீகோலைச் சொல்லித்தரவில்லை. முன்னாள் எம்.பி. கிளைவ் சோலி தலைமையில் அவருக்குச் சிலை வைக்க ஒரு முயற்சி தொடங்கியபோது அனியோன்வு துணைத் தலைவராக இருந்தார். நிதி திரட்ட ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சிலை வைக்கக் கூடாது, அது நைட்டிங்கேலின் இடம் என்று எதிர்ப்பும் கிளம்பியது. கடைசியில் 2016 ஜூன் 30ம் தேதி மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த வெண்கலச் சிலை அதே மருத்துவமனைத் தோட்டத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் திறக்கப்பட்டது. பெயர் சொல்லி ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு பிரிட்டனில் வைக்கப்பட்ட முதல் சிலை அது என்பார்கள். சிலையில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இரண்டாண்டுப் பயிற்சிக்குத் தள்ளப்பட்ட அந்தக் கரீபிய நர்சுகளின் பேத்திகள் இன்று அதே மருத்துவமனையில் வேலைக்குப் போகும்போது அந்தச் சிலையைக் கடந்துதான் போகிறார்கள். அது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்டிஷ் அரசின் கௌரவப் பட்டங்கள் வந்தன. 2001ல் சி.பி.இ., 2017ல் டேம், 2022ல் ஆர்டர் ஆஃப் மெரிட். கடைசியாகச் சொன்ன விருது ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாதது. 1907ல் அதைப் பெற்ற முதல் பெண் நைட்டிங்கேல். 2023 மே 6ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அனியோன்வு தங்க உருண்டையை ஏந்தி நடந்ததைத்தான் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள்.

இதோடு வெற்றிக் கதை முடிந்தது என்று எழுதினால் அவருக்கே அது பிடிக்காது. சிக்கிள் செல் வலியோடு வருபவருக்கு 30 நிமிடத்துக்குள் வலி நிவாரணி கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2012லேயே சொல்லிவிட்டது. 2019ல் லண்டனில் 21 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே, தனக்கு ஆக்சிஜன் தரவில்லை என்று அவசர எண்ணுக்கு போன் செய்தார். சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகு நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு விசாரித்து 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, நோயாளிகளின் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்பதையே தன் தலைப்பாக வைத்தது. போதுமான பயிற்சி இல்லாத ஊழியர்கள், தாமதமாகும் வலி மருந்து, இனப் பாகுபாடான நடத்தை என்று அது அடுக்கிய குறைகளை 1979ல் பிரெண்ட் மையத்துக்கு வந்த தாய்களும் அப்படியே சொல்லியிருப்பார்கள். 2023 நவம்பரில் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்ததும் பிரிட்டன்தான். மரபணுவைத் திருத்தத் தெரிந்த நாட்டில் வலி மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் தமிழ்நாட்டில் படிப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்த மரபணு இருக்கிறது என்று உலகம் அறிந்ததே நம் நீலகிரியில்தான். 1952ல் லண்டனைச் சேர்ந்த ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரி மலை மக்களிடம் சிக்கிள் செல் தன்மை இருப்பதை வெளியிட்டார்கள். கூடலூரில் ஆதிவாசிகளுக்கான மருத்துவமனை நீண்ட காலமாக இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறது. 2023 ஜூலை 1ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு முடிவை எழுதி அட்டை கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அட்டையைப் பார்க்கும்போது எனக்கு 1970களின் அமெரிக்கா ஞாபகம் வருகிறது. கேரியர் என்று எழுதிய அட்டையோடு வீடு திரும்பும் ஒரு பணியர் பழங்குடிப் பெண்ணிடம், உனக்கு நோய் இல்லை, உன்னைக் கட்டுபவரும் கேரியராக இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, கேரியர் என்பதால் உன் கல்யாணமும் வேலையும் நிற்க வேண்டியதில்லை என்று அவளுடைய மொழியில், அவசரப்படாமல் சொல்ல ஒருவர் வேண்டும். டாக்டருக்கு அந்த நேரம் இருக்காது. சொல்லப்போவது கிராம சுகாதார செவிலியரும், அந்தச் சமூகத்திலிருந்தே வரும் சுகாதாரப் பணியாளரும்தான். உங்களுக்கு நீலகிரியிலோ அதையொட்டிய கேரளப் பக்கத்திலோ சமுதாய நலப் பயிற்சி கிடைத்தால் தயங்காமல் போங்கள். போகும் முன் கேரியருக்கும் நோயாளிக்கும் உள்ள வித்தியாசத்தை, புத்தகத்தைப் பார்க்காமல், ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள்.